கீபோர்டு கத்துக்கிட்ட ஒரே ஒரு வார்த்தையை மட்டும் தூக்க முடியுமா?

மக்களே, ஒரு ஹெல்ப். ஆண்ட்ராய்டு போன்ல என் தமிழ் கீபோர்டு எங்கிருந்தோ 'வறேன்'னு கத்துக்கிச்சு, இப்போ 'வரேன்'னு ஒழுங்கா அடிச்சு ஸ்பேஸ் தட்டினாலும் அதுவா மாத்தி வச்சிடுது, கடுப்பா இருக்கு. மேல வர்ற சஜஷனை அழுத்திப் பிடிச்சு டெலீட்டுக்கு இழுத்தும் பாத்தாச்சு, கொஞ்ச நாள்ல திரும்ப வந்து நிக்குது. பர்சனல் டிக்‌ஷனரில தேடினா நானா சேர்த்த பேருங்களும் ஷார்ட்கட்டும்தான் இருக்கு, அது தானா கத்துக்கிட்டது எதையும் அங்க காணோம். மொத்தமா அழிக்கிற ஆப்ஷன் இருக்கு, ஆனா தட்டினா இத்தனை நாள் பழக்கி வச்சதெல்லாம் சேர்ந்து போயிடுமே. ஆட்டோ கரெக்‌ஷனையே ஆஃப் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க, இங்கிலீஷ் டைப்பிங்குக்கு அது வேணும். தமிழுக்கு மட்டும் நிறுத்த வழி இருக்கா? தெரிஞ்சவங்க ஸ்கிரீன்ஷாட் போட்டா புண்ணியமா போகும்.