நெருப்பு இருக்கா?

கடல்காத்து:
சான் பிரான்சிஸ்கோவுக்கு வேலைக்கு வந்தப்ப 27 வயசு. அதுவரைக்கும் சிகரெட்டைத் தொட்டதில்லை. கலிஃபோர்னியாவுல 1998லேர்ந்து பாருக்குள்ள புகைக்கக் கூடாது, அதனால கே ஆட்கள் கூடுற காஸ்ட்ரோ ஏரியாவுல பாதிக் கூட்டம் வாசல்லதான் நிக்கும். எனக்கு ஆடத் தெரியாது. உள்ள போனா யார்கிட்டயும் பேச வாய் வராது. வாசல்ல "நெருப்பு இருக்கா?"ன்னு கேட்டுடலாம். பாக்கெட்டுல லைட்டரை வச்சுக்கிட்டே கேட்பேன். அப்படித்தான் ஒருத்தன் என் பேரைக் கேட்டான். 'ழ' வராம மூணு தடவை சொல்லிப் பார்த்தான். அன்னிக்கு ஒண்ணு, வருஷக் கடைசியில தினம் பத்து.

அமெரிக்காவுல 2021 கணக்குப்படி எங்களை மாதிரி ஆட்கள்ல (கே, லெஸ்பியன், பைசெக்சுவல்) நூத்துக்கு 27 பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருள் பழக்கம் உள்ளவங்க. மத்தவங்கள்ல 18. அந்த வாசல்ல நின்னவனுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல. சிகரெட் கம்பெனிக்கும் எங்களைத் தெரியும். 1990கள் நடுவுல ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் இதே காஸ்ட்ரோவைக் குறிவச்சு ஒரு விற்பனைத் திட்டம் போட்டுச்சு. அதே ஊர்ல டெண்டர்லாயின்ங்கிற ஏரியாவுல வீடில்லாம கிடந்தவங்களும் அதுல உண்டு. திட்டத்துக்கு வச்ச பேரு 'ஸ்கம்'. நம்ம ஊர்ல சொன்னா, கழிசடை.

விட்டு 14 மாசம் ஆச்சு. நிகோடின் பேட்ச் ஒட்டினதுல உடம்பு அடங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி வாசல்ல வெறுங்கையோட நிக்கத்தான் இன்னும் பழகல.

மாடிப்படி:
சென்னையில பொண்ணு டீக்கடையில நின்னு தம் போட்டா தெருவே திரும்பும். நானும் அவளும் ஹாஸ்டல் மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. ஒரே சிகரெட், மாத்தி மாத்தி. வார்டன் வந்தா 'தம்மடிக்க வந்தோம் மேடம்'னு தலையைக் குனிஞ்சுக்கலாம். ஒரு தப்பை ஒத்துக்கிட்டா அடுத்ததை யாரும் தோண்ட மாட்டாங்க. அம்மா என் துப்பட்டாவை மோந்து பார்த்துட்டு அழுதாங்க. "சிகரெட் மட்டும்தானேடி?"ன்னாங்க. ஆமாம்மான்னேன்.

பேர் வேணாம்:
விடாத இருமல்னு ஒரு டாக்டர்கிட்ட போனேன். "கல்யாணம் ஆகலையா? பொண்டாட்டி வந்தா தானா விட்ருவீங்க." எனக்கு 41 வயசு. வெளிய வந்ததும் நேரா பெட்டிக்கடை. பாக்கெட் மேலயே சிகரெட்டை விட உதவுற நம்பர் 1800-11-2356 போட்டிருந்துச்சு, ஒரு வேகத்துல அடிச்சுட்டேன். காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்னு கேட்டாங்க. கல்யாணப் பேச்சே எடுக்கல. இன்னிக்கு 9ஆவது நாள். வீட்ல அவன்தான் பாவம். நேத்து ரசத்துல உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளி விட்டுட்டேன்.