தண்ணி கட்டணம் ஏத்தப் போறாங்களாம், எங்க ஆட்சேபணை குடுக்கறது?

சேலத்துல வீட்டுக் குடிநீர் கட்டணத்தை ஏத்தப் போறதா பேச்சு அடிபடுதுங்க, நாங்க அம்மாபேட்டை பக்கம், தண்ணி தினமும் வர்றதில்ல, வர்ற அன்னிக்கும் ஒருத்தர் மோட்டார் போட்டா அடுத்த வீட்டுக் குழாய்ல காத்து தான் வருது, இதுக்கு எதுக்குங்க கூடுதல் காசு?

பதில் 1:
உங்க கோவம் நியாயம் தாங்க. ஆனா மேட்டூர் தண்ணி தானா ஓடி வராதுங்க, அணை 120 அடி நிரம்பி நின்னாலும் சேலம் அதைவிட மேட்டுல இருக்கு, பம்ப் பண்ணித் தான் ஏத்தணும். கரண்ட் செலவு யாராவது குடுத்து தான ஆகணும்?

பதில் 2:
செலவு இருக்கட்டுங்க, மீட்டர் வெச்சு அளந்து வாங்கட்டும்! பாதாளச் சாக்கடை இருக்கற ஊருக்கு தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு மத்திய அரசு அளவு சொல்லுது, நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர், அது வரைக்கும் கம்மி ரேட்டு, அதுக்கு மேல போறவங்களுக்கு ஏத்துங்க. ஒண்டுக் குடித்தனத்துக்கும் பங்களாவுக்கும் ஒரே கட்டணம்னா எப்படி?

பதில் 3:
மொதல்ல வார்டு கவுன்சிலர்கிட்ட எழுதிக் குடுங்கக்கா, தீர்மானம் மன்றத்துல தான் வரும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க. தெருவே கையெழுத்துப் போட்டா இன்னும் நல்லது.