குடும்பத் தளத்தை யார் யார் பார்க்கலாம்: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு ராத்திரி

கோவை அத்தை: பாங்கில் இருந்து பேசுகிறேன் என்று ஒருவன் போன் செய்தான். அம்மா பேர், என் பிறந்த தேதி, போன மாதம் பேத்திக்குக் காது குத்தியது வரை சொல்கிறான். ஓடிபி கேட்டதும் வைத்துவிட்டேன். இன்னும் கை நடுங்குகிறது.

திருச்சி அண்ணன்: நல்ல வேளை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குச் சொல்ல வேண்டும். அந்த நம்பரை அனுப்புங்கள் அத்தை, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் போடுகிறேன்.

மதுரை சித்தப்பா: அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

நான்: தப்பு என்னுடையதுதான் என்று நினைக்கிறேன். நம் குடும்ப வரலாற்றுத் தளத்தில் அத்தை பக்கத்தில் இது எல்லாமே இருக்கிறது, செல் நம்பரோடு. தளத்தை நடத்தும் ட்ரூபல் மென்பொருளில், லாகின் செய்யாத வெளியாளும் பார்க்கலாம் என்று ஒரு டிக் ஆரம்பத்திலேயே போட்டிருக்கும். நான் அதை எடுக்கவே இல்லை. மன்னித்துவிடுங்கள் அத்தை. இப்போது எடுத்துவிட்டேன்.

திருச்சி அண்ணன்: பார்த்தேன், லாகின் கேட்கிறது.

கோவை அத்தை: கண்ணு, எதிர்வீட்டு அம்மாவுக்குக் காதுகுத்துப் படத்தின் லிங்க் அனுப்பியிருந்தேன். அவர் போனில் இப்போதும் திறக்கிறதே?

நான்: லாகின் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவில் போட்டுப் பார்த்தேன். ஆமாம் அத்தை, பாப்பா அழுகிற முகம் முழுசாக வருகிறது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து போட்டிருக்கிறேன். படங்கள் பொது ஃபோல்டரில் கிடக்கின்றன. முகவரி தெரிந்தால் சர்வர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடும். இனி தனி ஃபோல்டரில் வைத்து, அனுமதி பார்த்துத்தான் வெளியே விட வேண்டும். ஏற்கெனவே ஏற்றியவை தானாக மாறாது, 340 படத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். ராத்திரியே உட்காருகிறேன்.

திருச்சி அண்ணன்: கூகுள் மாதிரி தேடல் ரோபோக்கள் படிக்கிற ரோபாட்ஸ் ஃபைலில் ‘வராதே’ என்று எழுதினால் போதாதா?

நான்: அது ‘உள்ளே வராதீர்கள்’ என்று பலகை வைப்பதுதான் அண்ணா, பூட்டு இல்லை. கூகுளில் ஏறியதை எடுக்கச் சொல்லி, தளம் வைத்திருப்பவர்களுக்கான அவர்களுடைய சர்ச் கன்சோலில் கேட்டிருக்கிறேன். சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும்.

மதுரை சித்தப்பா: நான் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மூடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பினாங்கில் இருந்து பெரிய தாத்தாவின் பேரன் நம்மைத் தேடி வந்தது எப்படி? தாத்தா கப்பல் ஏறிய கதையை இந்தத் தளத்தில் படித்துத்தானே? அன்றைக்கு அவனும் முகம் தெரியாத வெளியாள்தான்.

நான்: சரி சித்தப்பா, நீங்கள் சொல்வதுதான் நியாயம். மறைந்தவர்கள் பக்கமும் ஊர்க்கதையும் எல்லாருக்கும் திறந்தே இருக்கட்டும். இருப்பவர்கள் பக்கம், குழந்தைகள் படம், நம்பர் எல்லாம் உறவினருக்கு மட்டும். இப்படிப் பிரிக்கத் ட்ரூபலில் தனியாக ஒரு மாட்யூல் (கூடுதல் நிரல்) போட வேண்டும், போடுகிறேன். தொடர்புப் படிவத்தை வெளியாட்களுக்கும் விட்டுவைக்கிறேன். நம்பர் தெரியாமலே நமக்கு எழுதலாம்.

திருச்சி அண்ணன்: யாராவது புது அக்கவுன்ட் திறந்து உள்ளே வந்துவிட்டால்?

நான்: இதுவரை அப்படித்தான் வந்திருக்க முடியும். இனி பதிவு செய்தால் என் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். ஒப்புக்கொண்ட பிறகும் ‘உறவினர்’ உரிமையை ஒவ்வொருவருக்கும் நான் கையால்தான் கொடுப்பேன். தெரியாத பேர் வந்தால் உங்களைக் கேட்கிறேன் சித்தப்பா.

மதுரை சித்தப்பா: கேளும்மா. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துச் சொல்கிறேன்.

கோவை அத்தை: கண்ணு, அம்மா படம் வெளியே இருக்கட்டுமே. திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருப்பது.

நான்: அதில் பக்கத்தில் பாப்பா நிற்கிறாள் அத்தை. பாட்டியை மட்டும் வெட்டிப் போடுகிறேன்.

கோவை அத்தை: முறமும் தெரியட்டும்.

மறுநாள் காலை 6:50

கோவை அத்தை: எதிர்வீட்டு அம்மா பழைய லிங்கைத் தொட்டுப் பார்த்தார். பக்கம் இல்லை என்று வருகிறதாம். அம்மா படம் மட்டும் திறக்கிறது, முறத்தோடு.