புதுப்பிப்பு: வீட்டு சர்வர், கடைசியில் நானே கட்டிவிட்டேன்

வீட்டில் ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கணினிகள்) ஓட்ட ரெடிமேட் சர்வர் வாங்குவதா, பாகங்கள் வாங்கி நானே கட்டுவதா என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "பழைய ராக் சர்வர் (டேட்டா சென்டர் அடுக்குகளில் செருகும் தட்டையான சர்வர்) மலிவு, வாங்கிப் போடு" என்றீர்கள். வாங்கினேன். ஒரே வாரம்தான்.

முதலில் சத்தம். 1யூ எனப்படும் அந்த ஒல்லிப் பெட்டிக்குள் 40 மி.மீ. விசிறிகள்தான் நுழையும்; காற்றைத் தள்ள அவை அசுர வேகத்தில் சுழல வேண்டும். கதவைச் சாத்தினாலும் தூக்கம் வரவில்லை. அப்புறம் கரண்ட்: சும்மா இருக்கும்போதே 100 வாட். இரவு பகலாக ஓடினால் மாதம் 72 யூனிட்!

அதை விற்றுவிட்டு இன்டெல் ஐ5-12400 ப்ராசஸர், 64 ஜிபி ராம், இரண்டு எஸ்எஸ்டி சேர்த்துக் கட்டினேன். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் சிக்கலில்லாமல் ஏறியது. நெட்வொர்க் கார்டை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கே நேரடியாகக் கொடுக்க மட்டும் அரை நாள் போனது. பயாஸில் (கணினி தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரை) இதற்குத் தேவையான விடி-டி வசதி அணைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒரே ஏக்கம் ஐபிஎம்ஐ, அதாவது சர்வரைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்கும் வசதி. பழைய சர்வரில், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பயாஸ் வரை போகலாம். இதில் ஏதாவது மக்கர் செய்தால் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டும். நேற்றும் ஏறினேன்.