மறு: ஒயின் "ஏஜிங்" – தமிழில் என்ன சொல்? "நாட்படு" என்பதை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒயினை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதைக் குறிக்கும் "ஏஜிங்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டரிங் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் வேலையில் இருப்பதால் இந்தச் சொல் எனக்கு இப்போதே வேண்டும், அதனால் மடல் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இத்தாலிப் பகுதியில் பரோலோ என்ற செந்நிற ஒயினுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அந்த இரண்டு பக்கத்தில் "ஏஜிங்" பதினொரு இடத்தில் வருகிறது, ஆனால் பதினொரு இடத்திலும் ஒரே பொருள் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். பரோலோ, வடமேற்கு இத்தாலியில் பியமோந்தே பகுதியின் லாங்கே குன்றுகளில், ஆல்பா நகரைச் சுற்றியுள்ள பதினொரு ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெப்பியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்யப்படுவது. நெப்பியோலோ சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும். அக்டோபரில் குன்றுகளில் பனிமூட்டம் இறங்கும் காலத்தில்தான் பெரும்பாலும் அறுவடை, மூடுபனிக்கு இத்தாலியனில் உள்ள "நெப்பியா" என்ற சொல்லோடுதான் திராட்சையின் பெயரை வழக்கமாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். நிறம் அதிகம் இறங்காது, கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரியும். ஆனால் புளிப்பும் துவர்ப்பும் மிக அதிகம். இந்த இரண்டும் சேர்ந்துதான் அதை இருபது முப்பது ஆண்டு இருக்க வைக்கின்றன.

சட்டமும் இதில் இருக்கிறது. 1980-இல் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தகுதியை முதலில் பெற்ற சிலவற்றில் பரோலோ ஒன்று. அறுவடை ஆண்டின் நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து எண்ணி 38 மாதம் வைத்திருந்த பிறகுதான் விற்கலாம், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். இன்னும் நீண்ட காலம் வைத்ததைக் காட்டும் "ரிசர்வா" என்ற பெயரை ஒட்டுத்தாளில் போட வேண்டுமானால் 62 மாதம். பக்கத்திலேயே, அதே திராட்சையில் செய்யும் பார்பரெஸ்கோ என்ற ஒயினுக்கு 26 மாதம் போதும்.

ஆக, தயாரிப்பாளர் தன் நிலவறையில் கட்டாயமாக வைத்திருக்கும் காலம் ஒன்று. வாங்கியவர் பாட்டிலைப் படுக்க வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் காலம் இன்னொன்று. இப்படிக் காத்திருந்தால் நன்றாக வரும் என்ற தகுதி மூன்றாவது. மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள். நாமும் அப்படியே சமாளிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "இத்தாலியனிலேயே 'இன்வெக்கியாமெந்தோ', அதாவது கிழமாதல் என்றுதானே சொல்கிறான், நாமும் மூப்பு என்றே வைத்துவிடலாமே."

ஐயா, இத்தாலியனில் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் மூப்பு என்றதும் பிணி அடுத்து வந்து நிற்கிறது. உடல் தளர்வதைச் சொல்லும் சொல் அது. பரோலோ தளர்வதற்காக யாரும் பத்தாண்டு காத்திருப்பதில்லை. பிற மொழியின் உருவகத்தை அப்படியே எடுத்து வைத்தால் சில நேரம் பொருள் தலைகீழாகிவிடும், இது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

முதிர்வு என்று மூன்று பேர் சொல்லியிருந்தீர்கள். நல்ல சொல்தான், நானும் முதல் வரைவில் அதையே எழுதியிருந்தேன். பிறகு திராட்சைத் தோட்டப் பத்திக்கு வந்தபோது மாட்டிக்கொண்டேன். "நெப்பியோலோவின் முதிர்வு தாமதமாகும்" என்று ஓரிடத்தில், "பரோலோவின் முதிர்வு 38 மாதம்" என்று இன்னோரிடத்தில். மாணவர் எதை எது என்று நினைப்பார்? முதிர்வைப் பழத்துக்கு விட்டுவிடுவோம், அது அதற்குத்தான் பொருத்தம். பதப்படுத்தல் வேண்டாம் என்பதற்கு நீண்ட காரணம் தேவையில்லை, அது தோலுக்கும் இறைச்சிக்கும் போய்விட்டது. மேலும் அது மாறாமல் காப்பதைச் சொல்கிறது, இங்கே நடப்பதோ மாற்றம்.

ஊறல் என்ற முன்மொழிவைப் படித்ததும் ஒரு கணம் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் ஊறல் என்றால் கள்ளச்சாராயத்துக்குப் போட்டு வைக்கும் ஊறல்தான், காவல்துறை கண்டுபிடித்துக் கொட்டி அழிக்கும் அதே ஊறல். அதோடு ஊறுதல் என்றால் ஒன்று இன்னொன்றுக்குள் கிடப்பது, மாங்காய் உப்பில் கிடப்பது போல. இந்தச் சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், ஒயின் செய்முறையில் அதற்கு வேறொரு இடம் காத்திருக்கிறது. திராட்சைத் தோல் சாற்றிலேயே கிடந்து நிறத்தையும் துவர்ப்பையும் இறக்கும் கட்டத்துக்குத் "தோலூறல்" என்று எழுதிவிட்டேன். பழைய முறை பரோலோக்காரர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் தோலூற விடுவார்கள், புது முறைக்காரர்கள் சில நாளிலேயே முடித்துவிடுவார்கள். சொல் வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது, பாருங்கள்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன். நாட்படு.

இது நான் செய்த சொல் இல்லை. புறநானூற்றில் ஔவையார் பாட்டில் (392) "தேள்கடுப் பன்ன நாட்படு தேறல்" என்று வருகிறது. தேள் கொட்டியது போல ஏறும், நாள்பட வைத்த தேறல், அதாவது தெளிந்த மது. நாம் தேடும் பொருளே, மதுவின் மேலேயே, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஆண்டிருக்கிறார்கள். கபிலர் பாட்டில் (120) "நிலம்புதைப் பழுநிய மட்டின் தேறல்" என்றும் இருக்கிறது, மண்ணுக்குள் புதைத்து வைத்து முற்றிய கள். பழுநுதல் அழகான சொல், எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இன்று வாயில் வராத சொல்லை இருபது வயது மாணவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. நாள்படுதல் அப்படியல்ல, இன்றும் உயிரோடு இருக்கிறது.

உயிரோடு இருப்பதே தொல்லை என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருந்தார்.

> "எங்கட பக்கம் நாட்பட்ட வருத்தம் எண்டால் ஆறாத நோய். நாட்பட்ட மா எண்டால் வண்டு விழுந்த மா. ஒயினுக்கு எப்பிடிச் சொல்லுவியள்?"

அக்கா, உங்கள் தடைதான் இந்த இழையில் மிக நியாயமான தடை, அதை இரண்டு நாள் யோசித்தேன். இங்கேயும் நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல் என்றுதான் சொல்கிறோம். ஆனால் கவனியுங்கள், கெட்ட பொருள் ஒட்டியிருப்பது "நாட்பட்ட" என்ற இறந்தகாலப் பெயரெச்சத்தின் மேல். ஔவையார் அதைச் சொல்லவில்லை. நாட்படு தேறல் வினைத்தொகை. நாட்பட்ட, நாட்படுகின்ற, நாட்படும் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பரோலோவுக்கு வேண்டியதும் அதேதான். கடைக்கு வரும் அன்றே 38 மாதம் பட்டுவிட்ட ஒயின் அது. கடை அலமாரியில் நிற்கும்போதும் பட்டுக்கொண்டிருக்கிறது. வாங்கியவர் பொறுமையாக இருந்தால் இன்னும் படும். "நாட்படு ஒயின்" என்ற இரண்டே சொல்லில் மூன்றும் அடங்கிவிடுகிறது, ஆங்கிலத்தில் இதற்கு மூன்று வெவ்வேறு அடைமொழி வேண்டியிருக்கிறது. வினைத்தொகை நம் கையில் இருக்கும்போது கலைச்சொல் ஆக்கத்தில் அதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்புறம் தன்வினை, பிறவினை. தயாரிப்பாளர் பீப்பாயில் வைத்துச் செய்வது நாட்படுத்தல். பாட்டிலுக்குள் தானாக நடப்பது நாட்படுதல். ஒரே ஒரு "த்து"தான் வேறுபாடு, ஆனால் யார் செய்கிறார் என்பது தெளிவாகிவிடுகிறது. இது வெறும் இலக்கண நுணுக்கம் இல்லை. பரோலோவில் பெரிய சண்டையே நாட்படுத்தலைப் பற்றித்தான் நடந்தது. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய பெரும்பீப்பாய்களில் வைப்பதா, 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் வைப்பதா என்று. 1983-இல் புதிய பீப்பாய்களின் பக்கம் நின்ற தயாரிப்பாளர் எலியோ அல்தாரே தன் அப்பாவின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப்போட்டார், அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். எதிர்ப்பக்கம் பழைய முறைத் தயாரிப்பாளர் பார்தோலோ மஸ்கரெல்லோ சின்னப் பீப்பாய் வேண்டவே வேண்டாம் என்று பாட்டில் ஒட்டுத்தாளிலேயே எழுதி ஒட்டினார். இந்த வரலாற்றைத் தமிழில் எழுதும்போது "முதிர்வு முறையில் கருத்து வேறுபாடு" என்று எழுதினால் ஏதோ தானாக நடந்ததைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. "நாட்படுத்தும் முறையில்" என்றால் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

நாட்படும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை நானே நாக்கில் உணர்ந்த பிறகுதான் சொல்லில் எனக்கு உறுதி வந்தது. சென்ற ஆண்டு ஒரு நண்பர் இரண்டு பாட்டில் திறந்தார், ஒன்று 2017 அறுவடை, இன்னொன்று 1999. இளையது வாயில் பட்டதும் ஈறு இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டது, பச்சை வாழைக்காயைக் கடித்தது போல, கொட்டைப்பாக்கை மென்று துப்பிய பின் கன்னத்தின் உட்பக்கம் சொரசொரவென்று இருக்குமே, அதேதான். துவர்ப்பொருள் (டானின்) எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து இப்படி ஆகிறது. பழையதை ஊற்றும்போது நடுவில் மாதுளைச் சிவப்பு, குவளையைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம். துவர்ப்பு போய்விடவில்லை, ஆனால் நாக்கின் மேல் பரவி அடங்கியது. உலர்ந்த ரோஜா இதழ், கொஞ்சம் தார் வாசம். பாட்டில் அடியில் விரல் அகலத்துக்கு மண்டி. துவர்ப்பொருளும் நிறமியும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, பெரிதாகிக் கரைசலில் நிற்க முடியாமல் அடியில் இறங்கியதுதான் அந்த மண்டி. நாள் பட்டதைக் கண்ணால் பார்க்கலாம்.

(நம் "துவர்" என்ற சொல் சுவையையும் சொல்கிறது, சிவப்பையும் சொல்கிறது, துவராடை என்கிறோம் அல்லவா. செந்நிற ஒயினின் இந்தப் பொருளுக்குத் துவர்ப்பொருள் என்று பெயர் வைத்தவர் இதை நினைத்தாரோ இல்லையோ, நினைக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.)

மண்டியை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றுவதற்கு "டீகேன்ட் செய்தல்" என்று எழுதியிருந்தீர்கள் ஒருவர். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. பள்ளி அறிவியல் பாடத்தில் "தெளிய வைத்து இறுத்தல்" என்று நாம் எல்லோரும் படித்ததுதான். இறுத்தல் என்றே போடலாம்.

அடுத்து "தேறல்" என்றே ஒயினைச் சொல்லலாமே என்ற கேள்வி. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தண்கமழ் தேறல் என்று நக்கீரர் (புறம் 56) பாடியிருப்பதும், அரிக்கமேட்டில் இத்தாலியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருப்பதும் தெரிந்ததே. ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தேறல் கள்ளுக்கும் ஆளப்பட்ட சொல், மாணவர் நாளை உணவகத்தில் விருந்தினரிடம் ஒயின் என்றுதான் சொல்லப்போகிறார். பொருளின் பெயர் ஒயினாகவே இருக்கட்டும், அதற்கு நடப்பதை மட்டும் தமிழில் சொல்வோம்.

மூன்றாவது பொருள், அதாவது நாள்பட்டால் நன்றாக வரும் என்ற தகுதி. "நாள்தாங்கும்" என்று கோவை நண்பர் சொன்னது பேச்சுக்கு இணக்கமானது, இந்தச் செருப்பு இரண்டு வருஷம் தாங்கும் என்கிறோம். ஆனால் தாங்குதல் கெடாமல் இருப்பதோடு நின்றுவிடுகிறது, மேம்படுவதைச் சொல்லவில்லை. "நாட்படு திறன்" என்று வைக்கலாம். பரோலோ ஊர்களில் செர்ராலுங்காவின் ஒயினுக்கு நாட்படு திறன் அதிகம், லா மோர்ராவினுடையது பொதுவாகக் கொஞ்சம் முன்னதாகவே இளகிவிடும், இப்படி எழுதிப் பார்த்தேன், தடை இல்லாமல் ஓடுகிறது. வெயிலில் சூடேறும் அலமாரியில் நிறுத்தி வைத்த பாட்டிலுக்கு இந்தச் சொல் பொருந்தாது, அது கெடுதல், அவ்வளவுதான்.

கையேட்டு வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: "பரோலோ ஒரு நாட்படு ஒயின். 38 மாதம் நாட்படுத்திய பிறகே விற்பனைக்கு வரும், பாட்டிலில் மேலும் பல ஆண்டு நாட்படும், பரிமாறுமுன் மண்டி கலங்காமல் இறுத்து எடுக்க வேண்டும்."

அக்கா, இதை உங்கள் ஊர்க் காதோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், இன்னும் வருத்தம்தான் நினைவுக்கு வருகிறது என்றால் சொல்லுங்கள். ரிசர்வாவை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், அது சட்டம் கொடுத்த பெயர். அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.