கீரிமலைக் கல்லுக்குழியில் நான் கண்டது என்ன பன்னம்?

வடலியடி:
கீரிமலைப் பக்கம் சீமெந்துக்குக் கல் வெட்டிய பழைய குழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதானே. மாசிக் கடைசியில் ஒருநாள் காலமை அங்கே போனேன். மாரி முடிய வருகிற சின்னப் பூக்களைத் தேடித் திரிகிற பைத்தியம் எனக்கு. மேலே ஒன்றும் மிச்சமில்லை. தும்பை காய்ந்துவிட்டது, நெருஞ்சி முள் செருப்பில் ஏறியது, எருக்கலை மட்டும் பூத்து நின்றது. சரி திரும்புவோம் என்று குழி ஓரத்தால் வரும்போதுதான் கீழே பார்த்தேன். வெயில் படாத சுவரில், இரண்டு கல் அடுக்குக்கு நடுவில் நீர் கசிகிற ஒரு கோடு. அந்தக் கோடு நீளத்துக்கும் பச்சை, பன்னம் என்கிற பூக்காத செடிபோல. மேலே ஒரு இலைகூட அசையவில்லை, அது மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

இருபது முப்பது அடி இருக்கும். இறங்க வழியில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற பொடியனிடம் அது என்ன என்று கேட்டேன். “உதை ஆடு தின்னாது அண்ணை” என்றான். அவனுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். போனில் இழுத்து எடுத்த படத்தில் பச்சை நிறத்தைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. பங்குனியில் கயிறும் துணைக்கு ஒருவருமாகப் போனால், அந்தச் சுவரில் பாதி உயரத்துக்குக் கட்டட இடிபாடும் பொலித்தீன் பையும் கொட்டிக் கிடந்தது. யார் கொட்டியது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். காம்பு கறுப்பு, அது நிச்சயம். வேறு யாராவது அந்தப் பக்கம் கண்டிருக்கிறீர்களா?

கேணிக்கட்டு:
கறுப்புக் காம்பும் விசிறி மாதிரிச் சின்ன இலையும் என்றால் அடியாந்தம். குழியில் நான் பார்க்கவில்லை, எங்கள் உரும்பிராய்த் தோட்டக் கிணற்றில் இருந்தது. மேலே கட்டு, அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் வெடிப்புகளில் சுற்றிவர நிற்கும்.

ஒரு புரட்டாசியில் தண்ணீர் அடிக்குப் போனபோது அப்பா கிணறு துப்புரவாக்க ஆள் பிடித்தார். வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். நான் கட்டைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உயர்தரத்துக்கு நெப்ரோலெப்பிஸ் என்கிற பன்னத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்த காலம். அவர் சுரண்டிக்கொண்டு வந்தவர், பன்னம் நின்ற இடத்தில் நிறுத்தினார். வாளிக்குள் கையை விட்டு ஒரு கை தண்ணீரை அதில் எறிந்து, “பார் பிள்ளை” என்றார். துளியெல்லாம் உருண்டு ஓடிவிட்டது. இலையில் ஈரம் ஒட்டவே இல்லை. இன்னொரு தரமும் எறிந்து காட்டினார். பிறகு அதே கையால் கரண்டியை எடுத்து முழுவதையும் சுரண்டிக் கொட்டினார்.

எனக்கு இன்றைக்கும் விளங்காதது அதுதான். அதில் அவருக்கு விருப்பமா, இல்லையா?

சுன்னாகத்தான்:
வடலியடி அண்ணை குறை நினைக்கவேண்டாம். முப்பது அடி மேலே நின்றுகொண்டு காம்பு கறுப்பென்று எப்படிக் கண்டீர்கள்? எங்கள் பக்கத்துக் கல்லிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் வருகிறது பெரும்பாலும் தெரிஸ் விற்றாற்றா என்கிற பன்னம். நீட்டு இலை, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி. ஒல்லாந்தர் காலத்துச் சுவர் ஒன்றில், சாந்து உதிர்ந்த இடமெல்லாம் அது வரிசையாக நின்றதைக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் செங்கல்லால் கட்டிய புதுச் சுவரில் ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்று. அது நிற்கிற கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அது ஆசனிக் என்கிற நஞ்சை உறிஞ்சுகிற பன்னம். நின்றால் ஆசனிக் இருக்கிறது என்று அர்த்தம்.

வடலியடி:
குருவி பார்க்கிற தொலைநோக்கி கழுத்தில் கிடந்தது தம்பி. அதால்தான் கண்டேன்.

சோழகம்:
சுன்னாகத்தான் அரைவாசி சரி, அரைவாசி பிழை. தெரிஸ் விற்றாற்றா மண்ணிலிருந்து ஆசனிக்கை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் என்பது 2001 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது, உண்மை. ஆனால் அது அங்கே நிற்பது சுண்ணாம்புக்காக. ஆசனிக் துளியும் இல்லாத சுவரிலும் செழிப்பாக வரும். அது நிற்கிறது என்பதை வைத்துக் கிணற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் கிணறுகளில் பயப்பட வேண்டியது தோட்டத்துப் பசளையால் ஏறுகிற நைத்திரேற்றுக்கு. சுண்ணாம்புக்கல் முழுக்க ஓட்டை, மேலே போடுகிறது நேரே கீழே போகும். தண்ணீரைச் சோதிக்கக் குடுங்கள், பன்னத்தைக் கேட்காதீர்கள்.

இரண்டையும் பிரித்தறிய இலையைத் திருப்பினால் போதும். அடியாந்தத்தில் விளிம்பு துண்டு துண்டாக உள்ளே மடிந்து வித்திகளை மூடியிருக்கும். தெரிஸில் விளிம்பு நீளத்துக்கும் ஒரே கோடாக ஓடும். ஆனால் திருப்ப ஒரு இலை கையில் வேண்டும், அதுதான் இங்கே இல்லை.

என் கதை சின்னது. அளவெட்டிப் பக்கம் வழுக்கையாற்று மதகுக்குக் கீழே, தண்ணீர் வற்றின பிறகு, வெண்கட்டித் துண்டளவு ஒரு பன்னம். அடுத்த கிழமை போனேன், மதகுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

தீவுப்பொடியன்:
நீங்கள் எல்லாரும் குழிக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் பார்க்கிறீர்கள். நான் கண்டது வெட்டவெளியில்.

நெடுந்தீவு, தை மாதம். குறிகட்டுவானில் படகு ஏறி வந்த கூட்டாளிகள் பெருக்கமரம் பார்க்க, கோட்டை பார்க்க என்று போய்விட்டார்கள். நான் குதிரை நிற்கிற வெளிக்கு நடந்தேன். நிலம் முழுக்க நீலம். விஷ்ணுகிராந்தி. ஒவ்வொரு பூவும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. இடையிடையே கல் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு குதிரை குனிந்து கடித்து இழுத்தபோது ஒரு பிடி புல் வேரோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் பார்த்தேன். ஒரு விரல் மண்கூட இல்லை, அதற்குக் கீழே தட்டைக் கல். அந்த ஒரு விரல் மண்ணில் மார்கழி மழை மிச்சம் வைத்த ஈரத்தை வைத்துக்கொண்டுதான் அவ்வளவும் பூத்திருக்கிறது. குதிரை புல்லை மட்டும் மென்றுகொண்டு, பூவை வாயோரத்தால் விழவிட்டது.

போன் பையோடு படகடியில். ஓடிப்போய் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வர மத்தியானம் தாண்டிவிட்டது. எல்லாப் பூவும் சுருங்கி மூடிவிட்டது. வெறும் காய்ந்த புல்வெளி. இன்றுவரைக்கும் “நீலக் கம்பளம்” என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பூ காலமை விரிந்து வெயில் ஏறினால் மூடும் என்று எத்தனை தரம் சொல்லியும் நம்புகிறார்கள் இல்லை.

பழைய வாத்தி:
கயிறும் ஆளுமாக இறங்கப் போனதாக வடலியடி எழுதியிருக்கிறார். அதை வாசித்ததில் இருந்து மனம் கேட்கவில்லை. நானும் இளவயதில் நிலாவரைக் கிணற்றுப் படியில் இறங்கிப் பன்னம் பறிக்கக் கை நீட்டி, வழுக்கி, முழங்கால் வரை தண்ணீரில் நின்றவன். கதை அவ்வளவுதான். இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

பிள்ளைகள், பாவிக்காத கிணற்றுக்குள் ஒருபோதும் தனியே இறங்கக்கூடாது. அடியில் நல்ல காற்று இல்லாமல் இருக்கலாம். முன்னோர் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கமாட்டார்கள். ஆனால் லாம்பு எரிகிறது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. தண்ணீர் இறைக்கிற மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் அதன் புகையில் நச்சு வாயு நிற்கும். அதற்கு மணமும் இல்லை, லாம்பும் அணையாது. ஒருவர் மயங்கி விழுந்தார் என்று அடுத்தவர் குதிக்கிறார், அவரும் விழுகிறார். எங்கள் ஊர்களில் நடந்ததெல்லாம் இப்படித்தான். மேலே நின்று கயிற்றால்தான் இழுக்க வேண்டும்.

அடுத்தது பாம்பு. கல்லிடுக்கில் கை விடமுன் தடியால் தட்டுங்கள். சுருட்டை விரியன் எங்கள் வரண்ட மண்ணில் தாராளம், சின்னதென்று அலட்சியம் செய்யாதீர்கள். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்கவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், விஷக்கல் வைக்கிறவரைத் தேடவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே பெரியாஸ்பத்திரி. மூன்றாவது, வடக்கில் துப்புரவாக்காத காணிகளில் கண்ணிவெடிப் பலகை இருந்தால் பூ என்ன, பொன் கிடந்தாலும் உள்ளே கால் வைக்காதீர்கள். நான்காவது, தொப்பி.

வடலியடி:
சரி ஐயா. கயிறு கட்டியது கமராவுக்கு, எனக்கில்லை.

மயிலிட்டி மகள்:
நாங்கள் 1990 ஆனியில் சண்டையால் வெளிக்கிட்டவர்கள். இராணுவம் எங்கள் துண்டுக் காணியை விட்ட பிறகு ஒரு கார்த்திகையில் அம்மாவோடு போனேன். பற்றை வெட்டினால்தான் ஒழுங்கை எங்கே என்றே தெரிந்தது. கூரை இல்லை, அறை இல்லை. முன் வாசல் நிலை மட்டும் நின்றது. அதில் கார்த்திகைக் கொடி ஏறிப் பூத்திருந்தது. நாங்கள் நட்டதில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தக் கொடிக்குத் தனியாகச் சுருள் இல்லை. ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு, துருப்பிடித்த கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தது. புதிதாக விரிந்த பூ பச்சை கலந்த மஞ்சள், நாள் பட்டது முழுச் சிவப்பு, இரண்டும் ஒரே கொடியில். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. நேரே கிணற்றடிக்குப் போய், கல்லை எடுத்துப் போட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றா. நான் “அம்மா இந்தப் பூவைப் பாருங்கோ” என்று கூப்பிட்டேன். “அதைப் பிறகு பார்க்கலாம், அதில கை வைக்காதை” என்றா. வேறொன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கதைக்கவில்லை.

நாவற்குழியான்:
அக்கா, அம்மா சொன்னது சரி. கொடி முழுக்க நஞ்சு, கிழங்கும்தான். கலப்பைக் கிழங்கு என்பது அதுதான். வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். கொல்சிசின் என்கிற பொருள். முதலில் சில மணித்தியாலத்தில் வாந்தி, வயிற்றோட்டம். தப்பிப் பிழைத்தவர்களுக்குக் கொஞ்ச நாள் போகத் தலைமயிர் கொட்டும். பூவைத் தொட்டால் ஒன்றும் செய்யாது, கிழங்கு கிண்டினால் கையைக் கழுவுங்கள்.

எனக்கு நடந்தது வேறு. அந்தப் பூவில் ஒன்றை மோட்டார் சைக்கிள் முன்னால் செருகிக்கொண்டு கார்த்திகைக் கடைசியில், மாவீரர் நாள் நேரம், வந்தேன். வீதியில் சோதனைக்கு நின்றவர்கள் மறித்து, எங்கே பிடுங்கினாய், ஏன் பிடுங்கினாய், யாருக்கு என்று அரை மணித்தியாலம். வேலியில் நின்றது ஐயா என்றேன். எந்த வேலி என்று கேட்டார்கள். வேலியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இன்னும் பத்துப் பூ நின்றது. என்னைப் பார்த்தார்கள், வேலியைப் பார்த்தார்கள், போ என்றார்கள்.

பனிக்காடு:
ரொறொன்ரோவில் இருந்து எழுதுகிறேன், குறை நினைக்கவேண்டாம். இங்கே நயாகராவில் தொடங்கி வடக்கே ஓடுகிற ஒரு செங்குத்துப் பாறை மேடு இருக்கிறது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல். 1990 இல் யுனெஸ்கோ உயிர்க்கோள ஒதுக்கிடமாக எடுத்தது. சித்திரைக் கடைசியில், மரம் இலை விடமுன், அதன் சரிவு முழுக்க மூன்று இதழ் வெள்ளைப் பூ. றில்லியம், 1937 இல் இருந்து ஒன்ராறியோவின் பூ.

கோப்பாயில் இருந்து வந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பாசி படர்ந்த பாறையில் நடக்கும் பன்னம் தேடிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். அதன் இலை நுனி கல்லைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு அடுத்த செடி வரும். திரும்பிப் பார்த்தால் அம்மா சேலைத் தலைப்பில் ஒரு குவியல் றில்லியம் ஆய்ந்து வைத்திருக்கிறா. சாமிப் படத்துக்காம். வழியால் வந்த ஒரு வெள்ளைக்காரி நின்று, மெதுவாக, இந்தச் செடி விதையிலிருந்து முதற் பூ பூக்க ஏழு வருடத்துக்கு மேல் எடுக்கும் என்று சொன்னா. இருக்கிற மூன்று இலையோடு ஆய்ந்தால் கிழங்குக்குச் சாப்பாடே இல்லை. நான் தமிழில் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, “ஏழு வருசம் காத்துப் பூத்தது பிள்ளையாருக்குப் போகக் குடுத்து வைச்சிருக்க வேணும்” என்றா. அந்த மனுசிக்கு நான் இதை மொழிபெயர்க்கவில்லை.

சுன்னாகத்தான்:
தலைப்பு கீரிமலை. கனடாவுக்குப் போய்விட்டோம்.

கேணிக்கட்டு:
போகட்டுமே தம்பி. கீரிமலையில் மலை எங்கே இருக்கிறது, அதையும்தான் பேசுகிறோம். பனிக்காடு, அம்மா பூவை வைத்தாவா?

பனிக்காடு:
வைத்தா. அடுத்த நாள் வாடிவிட்டது.

சோழகம்:
வடலியடி, இடிபாடு பாதி உயரம்தானே? கசிவுக் கோடு அதற்கு மேலே இருந்தால் செடி இன்னும் நிற்கும். முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று கொண்டு போங்கள், பெரியது. எதிர்ப்பக்கத்தில் நின்று காலமை வெயிலைப் பிடித்து அந்தச் சுவரில் அடித்தால் ரோச் லைற்றைவிட நன்றாகத் தெரியும். தொலைநோக்கியை மற்றவர் பிடிக்கட்டும். மாசிக்குள் போங்கள், பங்குனி வெயிலில் கசிவு நின்றுவிடும்.

சுன்னாகத்தான்:
கண்ணாடி நான் கொண்டு வருகிறேன். தெரிஸ் என்றால் தேத்தண்ணியும் வடையும் வடலியடி அண்ணை கணக்கில்.

வடலியடி:
வா. இலை திருப்பிப் பார்க்காமல் நான் காசு கட்டமாட்டேன்.