தும்மினாலும் யூரின் கசிகிறது, சாவியை எடுத்தாலும் கசிகிறது. கெகல் பயிற்சி யாருக்காவது பலன் தந்ததா?

நீலக்குடை:
வயது 43. இரண்டு பிரசவம். இரண்டாவது ஆயுதம் போட்டு எடுத்தார்கள், அதற்கு 11 வருடம் ஆகிறது. நான்கு வருடமாகத் தும்மினால், படியில் வேகமாக இறங்கினால், விழுந்து விழுந்து சிரித்தால் கொஞ்சம் யூரின் கசியும். தும்மல் வருவது தெரிந்ததும் கால்மேல் கால் போட்டுக்கொள்வேன். தும்முவதற்கென்றே ஒரு ஆசனம் கற்றிருக்கிறேன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் நினைத்திருப்பார்.

அது பழகிவிட்டது. ஆனால் ஆறு மாதமாக வேறொன்று சேர்ந்திருக்கிறது. தெருவில் நடந்து வரும்போது ஒன்றும் தோன்றாது. வீட்டு வாசலில் நின்று பையில் சாவியைத் துழாவும்போது அப்படி முட்டிக்கொண்டு வரும். பூட்டைத் திறப்பதற்குள் பாதி போய்விடும். போன வாரம் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அப்படியும் பிந்திவிட்டேன்.

கெகல் பயிற்சியை, அதுதான் யூரினை அடக்குவது போலக் கீழ்த்தசையை இறுக்கித் தளர்த்துவதை, இரண்டு மாதம் செய்து பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது இதையும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, இரண்டு முறையும் சொல்லாமலே திரும்பினேன். ஆபரேஷன் என்றுதான் சொல்வார்களோ?

மழைத்துளி:
குழந்தை பெற்றவர்களுக்கு இதெல்லாம் சகஜம்தான் தோழி. தண்ணீரைக் குறையுங்கள், வெளியே கிளம்பும்போதெல்லாம் ஒருமுறை போய்விட்டுக் கிளம்புங்கள், பேட் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கணக்குடீச்சர்:
மழைத்துளி கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். பேட் வைப்பதில் தவறில்லை, மற்ற இரண்டும் ஆளைக் கவிழ்க்கும். தண்ணீரைக் குறைத்தால் யூரின் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், மலச்சிக்கல் வரும், முக்கி முக்கி அந்தத் தசை இன்னும் தளரும். எதற்கும் இருக்கட்டும் என்று அடிக்கடி போய்க்கொண்டே இருந்தால், சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே கத்தப் பழகிவிடும்.

நீலக்குடைம்மா, எனக்கு வயது 59. உனக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி சிறுநீர்ப்பையை அமுக்குகிறது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் 4 செ.மீ. அளவுதான். அதைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை பிரசவத்தில் தளர்ந்திருந்தால் கசியும். சாவி விஷயம் வேறு. அங்கே பையின் தசையே நாம் சரி என்று சொல்வதற்கு முன் தானாகச் சுருங்கிவிடுகிறது. வாசல், சாவி, குழாயில் தண்ணீர் விழும் சத்தம், இதெல்லாம் அதற்கு மணி அடித்த மாதிரி. இரண்டும் சேர்ந்தே பலருக்கு இருக்கும், ஆனால் வைத்தியம் ஒன்றில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் நிறைய நாளை வீணாக்கினேன்.

இப்போது கெகல். எட்டு மாதம் நான் தினமும் செய்தேன். நோட்டில் டிக் அடித்துக்கூட வைத்திருக்கிறேன், தொழில் பழக்கம். கசிவு குறையவில்லை, கூடியது. கடைசியில் மகப்பேறு மருத்துவர் ஒரு பிஸியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். சின்னப் பெண், என் பழைய மாணவி வயது. கையுறை போட்டு, என்னிடம் கேட்டுக்கொண்டு, ஒரு விரலை உள்ளே வைத்து, "இப்ப இறுக்குங்க" என்றாள். நான் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு இறுக்கினேன். "அம்மா, நீங்க மேலே தூக்கலை. கீழே தள்றீங்க" என்றாள்.

எட்டு மாதம்! தினமும் மூன்று வேளை தசையைப் பலப்படுத்துவதாக நினைத்துக் கீழே தள்ளியிருக்கிறேன். அன்று அந்த மேசையில் படுத்தபடியே சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்பிலும் கசிந்தது.

அவள் சொல்லிக்கொடுத்தது இப்படி: காற்று பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை முதலில் சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் சும்மா இருக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். முதலில் என்னால் 3 நொடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை, பிறகு 10 வரை போனேன். ஒரு வேளைக்கு குறைந்தது 8 தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். அதற்கு முன் முடிவு சொல்லக் கூடாது. ஒவ்வொரு இறுக்கத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும், எல்லோரும் இதைத்தான் விட்டுவிடுகிறோம். யூரின் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதே, பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

இன்னொன்று. கெகல் என்பது ஒரு அமெரிக்க மருத்துவரின் பெயர், ஆர்னால்ட் கெகல். 1948-ல் அவர் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, உள்ளே வைத்து அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு கருவியோடு சேர்த்துத்தான் சொன்னார். சரியான தசை இறுகுகிறதா என்று பெண்ணுக்கே தெரிய வேண்டுமே! பிற்பாடு கருவியை மறந்துவிட்டு இறுக்குவதை மட்டும் பரப்பிவிட்டார்கள். அதனால் உன் இரண்டு மாதம் வீண் என்று இப்போதே எழுதிவிடாதே. ஒருவரிடம் காட்டிச் சரிபார்.

தும்மல் ஆசனத்துக்கு மாற்று: தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன் அந்தத் தசையை மேலே இழுத்துப் பிடி. எனக்கு ஒரே மாதத்தில் பலன் தந்தது இதுதான். ஆபரேஷன் கடைசிப் பேச்சு. தும்மல் கசிவுக்குச் சிறுநீர்க்குழாயின் கீழே நாடா மாதிரி தாங்கல் வைப்பார்கள். அதில் பலருக்கு நல்ல பலன், சிலருக்கு வலி, உள்ளே உறுத்தல். 2018-ல் இங்கிலாந்தில் செயற்கை வலைநாடா வைப்பதை நிறுத்திவைத்தார்கள். அந்தக் கட்டம் வந்தால் எல்லாவற்றையும் கேட்டு முடிவெடு. எனக்கு வரவில்லை. முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கடும் சளி பிடித்தால் இப்போதும் பேட் வைக்கிறேன்.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று நாள் டைரி எழுது. எத்தனை மணிக்கு, எவ்வளவு மில்லி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், கசிந்ததா. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று போதும்.

வெள்ளைச்சங்கு:
ஒரு சின்னத் தகவல். என் அம்மாவுக்கு 66 வயதில் திடீரென்று கசிவு தொடங்கியது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அம்மாவுக்கு விடாத வறட்டு இருமல், ஒவ்வொரு இருமலுக்கும் கசிவு. இருமல் புதிதாக ஆரம்பித்த ரத்த அழுத்த மாத்திரையால் வந்தது (ரமிப்ரில்). மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார், சில வாரத்தில் இருமல் நின்றது, கசிவும் முக்கால்வாசி போயிற்று. நீங்கள் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

நீலக்குடை:
டீச்சர், டைரி எழுதிவிட்டேன். மக்கைக் கழுவிக் கழுவி வெறுத்துவிட்டது. ஒரு நாளைக்கு 13 தடவை போகிறேன்! நானே நம்பவில்லை. பெரும்பாலும் 90, 110, 120 மில்லி. காலையில் எழுந்ததும் மட்டும் 380. சாவிக் கசிவு மூன்று நாளில் இரண்டு தடவை. மாலை ஐந்து மணிக்குள் நாலு காபி என்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது. மாத்திரை எதுவும் போடுவதில்லை.

பிஸியோ_ச:
இடுப்புத்தளப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் டைரியில் அந்த 380 நல்ல செய்தி. பைக்கு இடம் இருக்கிறது, 100-லேயே கூப்பிடப் பழகியிருக்கிறது. பெரியவர்கள் பகலில் ஏழெட்டு தடவை போவது சாதாரணம், 13 அதிகம்.

இப்போது ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால் ஒன்றரை மணியாக்குங்கள். அது பழகியபின் இன்னொரு 15 நிமிடம். இதற்கு ஆறு வாரமாவது வேண்டும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள், ஓடினால் அது ஜெயித்துவிடும். அப்படியே நின்று, அல்லது உட்கார்ந்து, அந்தத் தசையைப் படபடவென்று ஐந்தாறு தடவை சுருக்குங்கள். அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கியபின் நடந்து போங்கள். வாசலில் நிற்கும்போது இதைச் செய்துவிட்டு அப்புறம் சாவியை எடுங்கள். காபியை இரண்டாகக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். உடல் எடை அதிகமிருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மருத்துவர் முதலில் யூரின் பரிசோதனை செய்து கிருமி, சர்க்கரை இல்லையென்று பார்ப்பார். போய் முடித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பதும் உண்டு. பயிற்சி போதவில்லை என்றால் அவசரத்துக்கு மாத்திரைகள் இருக்கின்றன. சோலிஃபெனாசின் வகையில் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். மிராபெக்ரானில் அவை குறைவு, ஆனால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீமும் உதவும்.

யூரினில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், இடைவிடாமல் சொட்டுவது, முக்கியும் போக முடியாதது, இவற்றுக்குக் காத்திருக்காதீர்கள். தொடையிடுக்கு மரத்துப்போய் அதோடு கசிந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மழைத்துளி:
நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். தண்ணீரைக் குறைத்துத்தான் எனக்கு அந்த எரிச்சல் போலிருக்கிறது. கோபமெல்லாம் இல்லை டீச்சர். ஒரு கேள்வி. மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும் என்ன சொல்லி ஆரம்பிப்பது? எனக்கு அங்கேதான் தொண்டை அடைக்கும்.

கணக்குடீச்சர்:
"எனக்கு யூரின் லீக் ஆகிறது." நாலே சொல். மீதியை அவர் கேட்பார். வாய் வரவில்லை என்றால் டைரியை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளிவிடு.

நீலக்குடை:
எனக்கு வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. டைரியைத் தள்ளத்தான் போகிறேன். இன்று வாசலில் நின்று ஆறு தடவை சுருக்கிவிட்டுச் சாவியை எடுத்தேன். பாத்ரூம் வரை போய்ச் சேர்ந்தேன், கதவைச் சாத்தும்போது மட்டும் இரண்டு சொட்டு.